தையல் மெஷின் அடம்பிடிக்கிறதா? ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நான் தையல் பழகியது செகண்ட் ஹேண்டில் வாங்கிய மிதி மெஷினில். ஸ்டாண்டு, மேல் பலகை, தோல் பெல்ட் எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். கறுப்பு உடம்பு, இடது ஓரத்தில் தகட்டை நகர்த்தி பாபின் கேஸ் (அடி நூல் சுற்றிய குட்டி உருளைதான் பாபின், அதைப் பிடித்து வைக்கிற கூடு) போடுகிற மாடல், நம் ஊரில் அத்தை வீட்டிலோ பாட்டி வீட்டிலோ துணி போட்டு மூடி வைத்திருப்பார்களே, அதேதான். வாங்கிய முதல் மாதத்தில் மெக்கானிக்கை மூன்று முறை கூப்பிட்டேன். ஒரு முறை ஊசியைக் கழற்றித் திருப்பிப் போட்டார். ஒரு முறை நூலை எடுத்துவிட்டு மறுபடி கோத்தார். மூன்றாவது முறை, துணியை அடியிலிருந்து நகர்த்துகிற பல்லுக்கு இடையில் அடைத்திருந்த பஞ்சைக் குத்தி எடுத்தார். ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலை, ஒவ்வொரு முறையும் 250 ரூபாய். அவர் மேல் தவறில்லை, வீடு தேடி வந்தவருக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த 750 ரூபாயில் எனக்கு ஒரு நல்ல கத்தரிக்கோலும் பழகுவதற்குக் கொஞ்சம் பாப்ளின் துணியும் வந்திருக்கும்.

அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன், உங்கள் மெஷின் எதைக் காட்டுகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். எந்தக் கோளாறாக இருந்தாலும் செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் மேல் நூலை முழுசாக எடுத்துவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் ஊசியை மாற்றுங்கள். அப்புறம் துணியைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் பஞ்சும் எண்ணெயும். ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் கடைசி. புதிதாகப் பழகுகிறவர்கள் நேர்மாறாகச் செய்கிறோம், தையல் கெட்டதும் கை முதலில் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற டென்ஷன் திருகுக்குத்தான் போகிறது, அங்கே திருகிவிட்டால் உண்மையான கோளாறு போன பிறகும் தையல் சரியாக வராது.

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்கிறது

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். மேலே பார்த்தால் தையல் ஒழுங்காக இருக்கும், திருப்பினால் குருவிக்கூடு மாதிரி நூல் குவிந்திருக்கும். அடியில் தெரிவதால் பாபினில்தான் கோளாறு என்று நினைப்போம். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில்.

ஊசி கீழே இறங்கி மறுபடி மேலே ஏறத் தொடங்கும்போது மேல் நூல் ஒரு வளையமாக விரிகிறது, அடியில் இருக்கிற கொக்கியான ஷட்டிலின் மூக்கு அந்த வளையத்தைப் பிடித்து பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுபோகிறது, அப்புறம் மெஷினின் முகத்தில் மேலும் கீழும் ஆடுகிற அந்தக் கை மிச்ச நூலை மேலே இழுத்துக்கொள்கிறது. மேல் நூல் இரண்டு டென்ஷன் தட்டுகளுக்கும் நடுவில் சரியாக உட்காரவில்லை என்றாலோ, ஆடும் கையின் துளையில் கோக்க மறந்திருந்தாலோ, இறங்கிய நூல் மேலே திரும்பாது. ஒவ்வொரு தையலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அடியிலேயே தங்கிக் குவிந்துவிடும்.

செய்ய வேண்டியது: துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தை மேலே தூக்குங்கள். பாதம் மேலே இருந்தால்தான் டென்ஷன் தட்டுகள் திறந்திருக்கும், இறக்கி வைத்துக்கொண்டு கோத்தால் நூல் தட்டுகளுக்கு வெளியே வழுக்கி நிற்கும். ஆடும் கை உச்சியில் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பிவிட்டு, நூல்கண்டிலிருந்து ஊசி வரை மறுபடி கோத்து வாருங்கள். கோத்த பிறகு ஒரு சோதனை: பாதம் மேலே இருக்கும்போது நூலை இழுத்தால் இலகுவாக வர வேண்டும், பாதத்தை இறக்கிவிட்டு இழுத்தால் பிடித்து நிற்க வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தால் நூல் தட்டுக்குள் போகவே இல்லை.

கொத்து தையலின் தொடக்கத்தில் மட்டும் விழுகிறது, நாலு தையல் தாண்டினால் சரியாகிவிடுகிறது என்றால் காரணம் வேறு. மேல் நூல், அடி நூல் இரண்டையும் ஒரு நாலு இஞ்ச் வெளியே இழுத்து, பாதத்துக்கு அடியில் பின்பக்கமாக விட்டு, முதல் மூன்று நாலு தையல் வரை இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

டென்ஷன் சரியா என்று தெரிய, மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் போட்டு, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து ஒரு கோடு தைத்துப் பாருங்கள். ஒரே நிற நூலில் தைத்தால் எதுவும் புரியாது, இரண்டு நிறம் போட்டவுடன் மெஷினே பேசுகிற மாதிரி இருக்கும். மேல்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல் நூல் அதிக இறுக்கம். அடிப்பக்கம் சிவப்பு தெரிந்தால் மேல் நூல் தளர்வு. இரண்டு பக்கமும் அதனதன் நிறம் மட்டும் தெரிந்தால் இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்கின்றன என்று அர்த்தம், திருகை விட்டுவிடலாம்.

மேல்பக்கம் நூல் ஒரு கோடாகக் கிடக்கிறது, இழுத்தால் முழுசாக உருவிக்கொண்டு வருகிறது

இப்போதுதான் பாபின் கேஸைப் பார்க்க வேண்டும். அதன் வெளியே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது, அடி நூல் அந்தத் தகட்டுக்கு அடியில் நுழைந்து வெளியே வர வேண்டும். அவசரத்தில் பாபினைப் போட்டு நூலைச் சும்மா வெளியே விட்டுவிட்டால் அடி நூலுக்குப் பிடிமானமே இருக்காது. சரியாகப் போட்டும் தளர்வாக இருக்கிறதென்றால் தகட்டுக்கு அடியில் நூல் துணுக்கு அடைத்திருக்கும், கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தை மெலிதாகக் கிழித்து உள்ளே விட்டு இழுத்தால் வந்துவிடும்.

பாபின் போட்ட கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அது அப்படியே தொங்க வேண்டும், கையை லேசாக உதறினால் ஓரிரு இஞ்ச் இறங்கி மறுபடி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்குப் போனால் தளர்வு, உதறியும் அசையவில்லை என்றால் இறுக்கம். இதற்குத்தான் தகட்டின் மேல் அந்தக் குட்டி ஸ்க்ரூ. ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு அதன் மேல் வைத்துத் திருப்புங்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து திருப்பினேன், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய அந்த ஸ்க்ரூ கழன்று விழுந்தது, இரண்டு நாள் பெருக்கிப் பார்த்தும் கிடைக்கவில்லை, கடைசியில் கேஸையே புதிதாக வாங்க வேண்டியிருந்தது.

பாபின் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அரை மில்லிமீட்டர் மாறினாலும் கேஸுக்குள் இடறும். துருப்பிடித்த பாபினையும், ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாகச் சுற்றிய பாபினையும் வைத்துக்கொண்டு போராட வேண்டாம், நூலை உருவிவிட்டு மறுபடி சுற்றுங்கள்.

மிதித்தால் சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை

பாபின் சுற்றியிருப்பீர்கள். சுற்றும்போது ஊசி ஆடாமல் இருக்கச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்டத் திருகைத் தளர்த்துவோம், அதை மறுபடி இறுக்கவில்லை. இறுக்குங்கள்.

நூல் அடிக்கடி அறுகிறது

மிதி மெஷினில் இதற்கு முதல் காரணம் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுவது. சக்கரத்தின் மேல்பக்கம் எப்போதும் நம்மை நோக்கி வர வேண்டும். பழகாத கால் மிதியை நடுவில் நிறுத்தி மறுபடி அழுத்தும்போது சக்கரம் அரைச் சுற்று எதிர்ப்பக்கம் போய்விடும், அந்த அரைச் சுற்று போதும், நூல் ஷட்டிலில் சிக்கி அறுந்துவிடும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இருபது வருடமாகத் தைக்கிறவர், நான் மிதிப்பதை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து என் வலது கையைப் பிடித்துச் சக்கரத்தின் மேல் வைத்தார். “கண்ணு, மொதல்ல கையால ஒரு சுத்து விடு, அப்புறம் காலை அழுத்து. காலு தொடங்கக் கூடாது, காலு பின்னால வரோணும்.” அன்றைக்கு முழுக்க நூல் போடவே விடவில்லை. நடுத் திருகைத் தளர்த்திவிட்டு, ஊசி ஆடாமல் வெறும் மிதி மட்டும் மிதிக்கச் சொன்னார், நிறுத்தி, தொடங்கி, நிறுத்தி, தொடங்கி, சக்கரம் ஒரு தடவைகூடப் பின்னால் போகாமல் ஐம்பது முறை. குதிகால் மிதியின் கீழ்ப்பக்கமும் விரல்கள் மேல்பக்கமுமாக, ஒரு காலைக் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்தால் எளிதாக வரும். மறுநாள் கோடு போட்ட நோட்டுத் தாளில், நூல் இல்லாமல், பழைய ஊசியை வைத்துக் கோட்டின் மேல் ஓட்டினேன். துணி ஒரு இஞ்ச்கூட வீணாகவில்லை, ஒரு வாரத்தில் கால் பழகிவிட்டது. காசு குறைவாக வைத்துக்கொண்டு பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கால் சரியாகத்தான் போகிறது, ஆனாலும் அறுகிறது என்றால் நூலைக் கையில் சுற்றிப் படக்கென்று இழுத்துப் பாருங்கள். வீட்டில் டப்பாவில் பத்து வருடமாகக் கிடந்த பருத்தி நூல் பொடிப்பொடியாக அறும், அதைக் கைத்தையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்டின் ஓரத்தில் நூல் சொருகி வைக்கும் வெட்டு இருக்கும், சுற்றும்போது அந்த வெட்டில் நூல் மாட்டி அறுவதும் உண்டு, வெட்டு இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்துக் கண்டைப் போட்டால் போதும். பழகும்போது வெள்ளை, கறுப்பு, சந்தனம் என்று மூன்று பாலியஸ்டர் நூல் நல்லதாக வாங்கினால் போதும், இருபது நிறம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிற நூல் பாதி வழியில் முடிச்சும் பிசிறுமாக வரும்.

தையல் விட்டு விட்டு விழுகிறது

ஊசி. பத்தில் ஒன்பது முறை ஊசிதான்.

வீட்டு மெஷின் ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், மறுபக்கம் உருண்டை. உடம்பைத் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும், நூல் அந்தப் பள்ளத்தில்தான் இறங்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று குழப்பமாக இருந்தால், ஊசிக்கு மேலே இருக்கும் கடைசி நூல் வளையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்துதான் ஊசியில் நூல் கோக்க வேண்டும், நீளப் பள்ளம் அந்தப் பக்கம், தட்டை அதற்கு எதிர்ப்பக்கம். ஊசியை மேலே முட்டும் வரை தள்ளி அப்புறம் திருகை இறுக்குங்கள், ஒரு மில்லிமீட்டர் கீழே நின்றாலும் ஷட்டிலின் மூக்கு வளையத்தைப் பிடிக்காமல் தாண்டிப் போய்விடும். கடையில் கேட்கும்போது வீட்டு மெஷினுக்கு என்று சொல்லிக் கேளுங்கள். தையல் கம்பெனிகளில் ஓடுகிற பவர் மெஷின் ஊசியின் தலை முழு உருண்டை, அது நம் மெஷினுக்கு ஆகாது.

நம்பரும் முக்கியம். பாக்கெட்டில் 90/14 என்று போட்டிருந்தால் ஊசி 0.9 மில்லிமீட்டர் தடிமன், 14 என்பது அதே அளவின் இன்னொரு பெயர். லைனிங் துணி, மல், டூ பை டூ பிளவுஸ் துணி மாதிரி மெல்லியவற்றுக்கு 11. பாப்ளின், வேட்டி, போர்வைத் துணிக்கு 14. ஜீன்ஸ் பேண்ட் வெட்டிப் பை தைக்க 16. பழகுகிறவர்களுக்கு 14-ல் ஒரு பாக்கெட், 11-ல் ஒரு பாக்கெட் போதும். ஊசி ஒடியும் வரை அதிலேயே தைப்பது நம் வீடுகளில் பழக்கம், ஆனால் சுமார் 8 மணி நேரம் ஓடினாலே முனை மழுங்கத் தொடங்கும். துணியில் இறங்கும்போது “டப் டப்” என்று சத்தம் வந்தால் மாற்றுகிற நேரம். வளைந்திருக்கிறதா என்று பார்க்க, தட்டைப் பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்து ஓரமாகப் பாருங்கள், நுனி வரை இடைவெளி ஒரே அளவாகத் தெரிய வேண்டும்.

புது ஊசி போட்டும் விட்டு விட்டு விழுந்தால் துணியைக் கையில் எடுத்து இழுத்துப் பாருங்கள். நீள்கிறதா? பனியன் துணி. ஈரோடு, திருப்பூர் பக்கம் பனியன் கட்டிங் வேஸ்ட் எடைக்குக் கிடைக்கும், மலிவு என்று நானும் இரண்டு கிலோ வாங்கி வந்தேன், பழகத் தொடங்கி பத்து நாள்கூட ஆகவில்லை. பனியன் துணி நெய்ததல்ல, வளையம் வளையமாகப் பின்னியது. ஊசி மேலே ஏறும்போது துணியும் அதோடு ஒட்டி மேலே வருகிறது, அதனால் நூல் வளையமாக விரியவில்லை, ஷட்டிலுக்குப் பிடிக்க எதுவும் கிடைக்கவில்லை. என் கையில்தான் குறை என்று அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். அந்தத் துணிக்கு முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி வேண்டும், துணிக்கு அடியில் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துத் தைத்து அப்புறம் கிழித்தெடுப்பதும் உதவும். ஆனால் முதல் மூன்று மாதம் பனியன் துணியைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பழைய வேட்டி, கிழிந்த காட்டன் போர்வை, தலையணை உறை, சாயம் போன காட்டன் சேலை, இவை காசில்லாமல் வீட்டிலேயே இருக்கின்றன, நீளாது, வழுக்காது, சாக் கோடு தெளிவாக விழும். சிந்தெடிக் சேலை வேண்டாம், அது வழுக்கிக்கொண்டு ஓடும்.

ஊசி ஒடிகிறது

துணியை இழுக்கிறீர்கள். பல்தான் துணியை நகர்த்த வேண்டும், நம் கை வழிகாட்டினால் போதும், பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து, அது இறங்குகிற துளையுள்ள ஊசித் தட்டில் குத்தி ஒடியும். அடுத்தது பாபின் கேஸ். உள்ளே போடும்போது “டிக்” என்று உட்காரும் சத்தம் கேட்க வேண்டும், கேட்காமல் தைக்கத் தொடங்கினால் ஊசி கேஸிலேயே இறங்கும். புது ஊசி போட்டதும், பாபின் மாற்றியதும், மிதிக்கும் முன் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். குண்டூசி குத்திய துணியாக இருந்தால் அந்த இடம் வருவதற்கு முன் உருவிவிடுங்கள்.

ஒடிந்த ஊசியின் துண்டுகளை ஒன்று விடாமல் தேடி எடுக்க வேண்டும். ஷட்டிலுக்குள் விழுந்திருந்தால் மெஷினைக் கீறிவிடும், தரையில் விழுந்திருந்தால் குழந்தையின் காலில் ஏறும். ஒரு காந்தத்தை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், அதை விட்டுத் துழாவினால் வந்துவிடும்.

துணி நகராமல் ஒரே இடத்தில் குத்துகிறது

பாதம் இறங்கியிருக்கிறதா, தையல் நீளம் பூஜ்யத்தில் நிற்கிறதா, இரண்டையும் பாருங்கள். சாதாரணத் தையலுக்கு 2.5 மில்லிமீட்டர், அதாவது இஞ்சுக்கு 10 தையல். சில பழைய மெஷின்களில் எண் பெரிதாகப் பெரிதாகத் தையல் சின்னதாகும், அவை இஞ்சுக்கு எத்தனை தையல் என்ற கணக்கில் எழுதியவை. அதைக் கவனியாமல் 20-ல் வைத்துத் தைத்துவிட்டு, பிரிக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

இரண்டும் சரியென்றால் ஊசித் தட்டைக் கழற்றுங்கள். பல்லின் வரிசைகளுக்கு நடுவில் பஞ்சு படிந்து படிந்து ஒட்டுத்துணி மாதிரி கெட்டியாகியிருக்கும், பழைய பல் தேய்க்கும் பிரஷும் ஒரு குச்சியும் போதும். வாயால் ஊத வேண்டாம், பஞ்சு இன்னும் உள்ளேதான் போகும். மோட்டார் வைத்த மெஷின் என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

தடித்த மடிப்பில் மட்டும் ஏற மறுக்கிறது என்றால், பாதத்தின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்பக்கம் பள்ளத்தில் நிற்கிறது. அதே கனத்துக்கு ஒரு துணியை மடித்துப் பாதத்தின் பின்பக்கம் முட்டுக்கொடுங்கள், பாதம் சமமானதும் தானாக ஏறும்.

மெஷின் கனமாக மிதிபடுகிறது

பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கையில் இலகுவாகச் சுற்றினால் கோளாறு மிதியிலும் ஸ்டாண்டிலும். கையிலும் கனமாக இருந்தால் ஷட்டிலில் நூல் சுற்றியிருக்கும், அல்லது எண்ணெய் காய்ந்திருக்கும்.

வெகு நாள் ஓடாமல் கிடந்த மெஷினில் பழைய எண்ணெய் பசை மாதிரி இறுகிவிடும். அதன் மேல் புது எண்ணெய் விட்டுப் பயனில்லை. துளைகளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூலில்லாமல் சில நிமிடம் ஓட்டி, வழிகிற கறுப்பு அழுக்கைத் துடைத்துவிட்டு, அப்புறம் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு. அடுப்பு பக்கத்தில் இருக்கும்போது இந்த வேலை வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். எண்ணெய் விட்ட பிறகு வேண்டாத துணியில் கொஞ்ச நேரம் தைத்துவிட்டுத்தான் நல்ல துணியை வைக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். சமையலறையில் இருக்கிறதே என்று எத்தனையோ வீடுகளில் விடுகிறார்கள். மார்கழிக் குளிரில் அது பாட்டிலிலேயே உறைகிறது, மெஷினுக்குள்ளும் அதையேதான் செய்யும், நாளானால் பிசுபிசுத்துப் பஞ்சையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மெஷின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்கினால் ஒரு வருடத்துக்கு மேல் வரும்.

பெல்ட் வழுக்கினால் அதை அரை இஞ்ச் வெட்டி மறுபடி கம்பிக் கொக்கி மாட்டுங்கள். அதிகம் வெட்டிவிட்டால் இறுகிப்போய் மிதி கனக்கும், கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள்.

தையல் ஓடிய இடமெல்லாம் துணி சுருக்கம் விழுகிறது

மெல்லிய துணியில் தடித்த ஊசி, இறுகிய மேல் நூல், இரண்டில் ஒன்று. ஊசியை 11-க்கு மாற்றிப் பாருங்கள், சிவப்பு வெள்ளைச் சோதனையைச் செய்து பாருங்கள். தைக்கும்போது இடது கையால் பின்னாலும் வலது கையால் முன்னாலும் துணியை விறைப்பாக மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. முடித்த தையலை இஸ்திரி போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள், பாதிச் சுருக்கம் அதிலேயே போய்விடும்.

கோடு வளைந்து வளைந்து போகிறது

ஊசியைப் பார்க்காதீர்கள். ஊசி மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்தால் கண் அதோடு போய்விடும். துணியின் ஓரம் பாதத்தின் ஓரத்தோடு ஒட்டிப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். ஊசியிலிருந்து அரை இஞ்ச் அளந்து ஊசித் தட்டின் மேல் நிறமுள்ள டேப் ஒட்டிவிட்டால் அதுவே வழி காட்டும். மூலையில் திரும்பும்போது ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்குங்கள்.

தைத்து முடித்தால் சின்னதாக இருக்கிறது, துவைத்தால் கோணுகிறது

இவை மெஷினின் கோளாறு இல்லை, வெட்டும் முன்பே நடந்தவை. மஞ்சப்பையை வைத்துச் சொல்கிறேன். 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ தொடங்கிய பிறகு துணிப்பை திரும்ப வந்திருக்கிறது, முதன்முதலாகத் தைக்க அதைவிடப் பொருத்தமான பொருளும் கிடையாது, எல்லாம் நேர்க்கோடு, வளைவே இல்லை.

முடிந்த பை 14 இஞ்ச் அகலம், 16 இஞ்ச் உயரம் வேண்டும். அப்படியே 14-க்கு வெட்டினால் தைத்த பிறகு 13-தான் இருக்கும். இரண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை இஞ்ச், ஆக அகலம் 15. நீளத்துக்கு முன்பக்கம் 16, பின்பக்கம் 16, வாயில் மடித்து அடிக்க இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை, ஆக 35. 15-க்கு 35 என்று ஒரே துண்டு, அடியில் மடிப்பு வருவதால் அங்கே தையலே வேண்டாம். கைப்பிடிக்கு 4 இஞ்ச் அகலம், 22 இஞ்ச் நீளத்தில் இரண்டு பட்டை, ஓரங்களை நடுவுக்கு மடித்து மறுபடி இரண்டாக மடித்தால் ஒரு இஞ்ச் பட்டையாக வரும். கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரம் தைத்து நடுவில் குறுக்காக இரண்டு கோடு போடுங்கள், இரண்டு கிலோ வெங்காயம் வாங்கினாலும் பிரியாது.

துவைத்ததும் பை முறுக்கிக்கொண்டால் துணியைக் கோணலாக வெட்டியிருக்கிறீர்கள். கடைக்காரர் வெட்டித் தரும் ஓரம் நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். பாப்ளின், காடா மாதிரி சாதாரண நெசவுத் துணியின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு கொடுத்துக் கிழித்தால், குறுக்கு இழையை ஒட்டி நேராகக் கிழியும். அந்த ஓரத்திலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.

சுருங்கினால் துணியை நனைக்காமல் வெட்டியிருக்கிறீர்கள். புதுப் பருத்தித் துணி முதல் துவையலில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கலாம், 35 இஞ்சில் அது ஒரு இஞ்சுக்கு மேல். பைக்குப் பரவாயில்லை. பிளவுஸ் லைனிங்கில் இது நடந்தால் மேல் துணி அப்படியே இருக்க, உள்ளே லைனிங் மட்டும் சுருங்கி, பிளவுஸ் முழுக்க இழுத்துக்கொண்டு நிற்கும். லைனிங்கைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, பிழியாமல் நிழலில் காயப்போட்டு, இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்கள். ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஓரம் பிசிறு பிசிறாக வருகிறது

ஓரத்தைப் பிசிறாமல் நூலால் பின்னி அடைக்கிற ஓவர்லாக் மெஷின் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு துண்டையும் சேர்த்து முதலில் கால் இஞ்சில் தையுங்கள். பிசிறை ஒட்ட வெட்டிவிட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, இஸ்திரி போட்டு, மறுபடி கால் இஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தையுங்கள். முதல் தையலும் பிசிறும் இரண்டாவது தையலுக்குள் அடங்கிவிடும். தலையணை உறை, பாவாடை, பை எல்லாவற்றுக்கும் இது போதும்.

எப்போது மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்

நேரான புது ஊசி போட்டு, பாபின் கேஸும் சரியாக உட்கார்ந்து, கையால் சுற்றும்போதும் ஊசி தட்டில் இடித்தால். ஊசி, நூல், துணி மூன்றையும் மாற்றியும் தையல் விட்டு விட்டு விழுந்தால், அது ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம் மாறிய கோளாறு, நாம் கை வைக்கக் கூடாது. உள்ளே இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டால். இந்த மூன்றுக்கும் தயங்காமல் கூப்பிடுங்கள். வருவதற்கு முன் சிவப்பு வெள்ளை நூலில் தைத்த துணித் துண்டு, கடைசியாக ஒடிந்த ஊசி, தைக்க முயன்ற துணி மூன்றையும் மெஷின் மேலேயே எடுத்து வைத்துவிட்டு, என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். அவர் சரி செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினார் என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.